வடாம் மாதிரி ஊற்றி, அடுப்பில் சுட்டா சூப்பர் கண்டக்டர்! பாலிமர் கரைசலில் இருந்து மின்தடையே இல்லாத படலம் உருவாவது எப்படி?

2023 ஜூலை கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? தென்கொரியாவில் இருந்து வந்த ஒரு வீடியோவில், கரிக்கட்டி மாதிரி ஒரு சின்னத் துண்டு காந்தத்தின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. பெயர் 'எல்கே-99'. அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் சூப்பர் கண்டக்டர் கிடைத்துவிட்டது, இனி கரன்ட் வீணாகவே ஆகாது என்று சோஷியல் மீடியா ரெண்டு வாரம் தூங்கவில்லை. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட பல நாட்டு ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்தன. சூப்பர் கண்டக்டர் இல்லை என்பதுதான் முடிவு. உள்ளே கலப்படமாக இருந்த காப்பர் சல்பைடு செய்த வேலையை எல்லாரும் அதிசயம் என்று நம்பிவிட்டார்கள்.

அந்தப் பரபரப்பில் ஒரு கேள்வி காணாமலே போனது. காற்றில் இருந்து பிரித்தெடுக்கும் திரவ நைட்ரஜனில் முக்கினாலே வேலை செய்யும் நிஜமான சூப்பர் கண்டக்டர் 1987லேயே கிடைத்துவிட்டது. அப்படின்னா அது ஏன் இன்னும் நம்ம தெரு கேபிளுக்குள் வரவில்லை?

அது ஒரு செராமிக் என்பது முக்கியமான காரணம். அதாவது டீ கப், பாத்ரூம் டைல்ஸ் வகையறா. டைல்ஸை இழுத்து வயர் ஆக்க முடியுமா? முடியாது. அதனால் அதை மெல்லிய படலமாக ஒன்றின் மேல் பூச வேண்டும். அந்தப் பூச்சை சல்லிசாக எப்படிச் செய்வது என்பதுதான் பல வருஷமாக ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டும் விஷயம். அதற்கு அவர்கள் பிடித்த வழிகளில் ஒன்று, உலோகங்களை பாலிமரோடு சேர்த்துக் கரைத்து, ஊற்றி, சுடுவது. கேட்க சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். உள்ளே போனால்தான் எத்தனை இடத்தில் அடி பிடிக்கும் என்று தெரியும்.

முதலில் ஒரு குட்டி ஃபிளாஷ்பேக்

1911ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹெய்கே கமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனார். 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் பக்கத்தில், அதன் மின்தடை திடீரென்று காணாமல் போனது. குறைந்தது என்று சொல்லவில்லை, பூஜ்யம். இதைத்தான் சூப்பர் கண்டக்டிவிட்டி என்கிறோம். தமிழில் மீக்கடத்துத்திறன். 'மீ' என்றால் மேல், மிகுந்த என்று பொருள். மீயொலி என்று அல்ட்ரா சவுண்டைச் சொல்கிறோமே, அதே 'மீ'.

பிரச்சினை குளிர். அவ்வளவு குளிருக்கு திரவ ஹீலியம் வேண்டும், அது விலை அதிகம், கையாள்வதும் கஷ்டம். அடுத்த 75 வருஷமும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1986ல் சுவிட்சர்லாந்தில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னார்ஸ், முல்லர் என்ற இருவர், லாந்தனம், பேரியம், காப்பர் சேர்ந்த ஆக்சைடு ஒன்று 30 கெல்வினைத் தாண்டியும் மீக்கடத்தியாக இருப்பதைக் கண்டார்கள். மின்சாரம் கடத்தாத பொருள் என்று எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்த செராமிக்! அடுத்த வருஷமே நோபல் பரிசு. அதே 1987ன் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹூஸ்டனில் பால் சூ குழுவும், அலபாமாவில் மாவ்-க்வென் வூ குழுவும் சேர்ந்து லாந்தனத்துக்குப் பதில் இட்ரியத்தைப் போட்டுப் பார்க்க, வெப்பநிலை ஒரே தாவலில் 93 கெல்வினுக்கு ஏறியது.

93 ஏன் பெரிய விஷயம்? திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில், மைனஸ் 196 டிகிரி. அதில் முக்கினாலே போதும் என்று ஆகிவிட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நடந்த இயற்பியலாளர்கள் கூட்டம் விடியவிடிய நீண்டது. 'இயற்பியலின் உட்ஸ்டாக்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

அந்தப் பொருளின் பெயர் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு. சுருக்கமாக ஒய்பிசிஓ. ஒரு இட்ரியத்துக்கு ரெண்டு பேரியம், மூன்று காப்பர் என்ற கணக்கு. அதனால் '123' என்றும் கூப்பிடுவார்கள்.

மாவு அரைத்துச் சுட்டால் என்ன?

1987ல் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் தூளாக எடுத்து, கல்வத்தில் அரைத்து, 900 டிகிரிக்கு மேல் சுடுவது. ஆறியதும் எடுத்து மறுபடி அரைத்து, மறுபடி சுடுவது. கல்லூரி லேபிலேயே செய்துவிடலாம். சரியாக வந்தால் கறுப்பு வில்லை கிடைக்கும். கணக்கு தப்பினால் பச்சை கலந்து வரும். அந்தப் பச்சை, 2:1:1 விகிதத்தில் உருவாகும் வேறொரு ஆக்சைடு. அது மீக்கடத்தி கிடையாது.

கறுப்பு வில்லை காந்தத்தின் மேல் அழகாக மிதக்கும், போட்டோவுக்கு ஓகே. கரன்ட்டை ஏற்றினால் கொஞ்சத்திலேயே திணறிவிடும். ஏன் என்று 1988ல் ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையில் காட்டினார்கள். ஒய்பிசிஓவின் இரண்டு படிகங்கள் ஒன்றுக்கொன்று சில டிகிரி திரும்பியிருந்தாலே, அவை சேரும் எல்லையில் பாயக்கூடிய மின்னோட்டம் விறுவிறுவென விழுந்துவிடுகிறது. தண்டவாளத்தின் ரெண்டு துண்டுகளைக் கோணலாக இணைத்த மாதிரி. துண்டு இரண்டும் நன்றாக இருக்கும், ரயில் போகாது. அரைத்துச் சுட்ட வில்லையில் கோடிக்கணக்கான குருணைகள் கண்ட திசையில் திரும்பிக் கிடக்கின்றன.

ஆக, குருணைகள் எல்லாம் ஒரே திசை பார்க்க வேண்டும். அதற்கு வழி, ஏற்கெனவே ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரு படிகத்தின் மேல் இதை மெல்லிய படலமாக வளர்ப்பது. அடியில் உள்ள அணுக்களின் வரிசையைப் பார்த்து மேலே வருவதும் அதே வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட், லாந்தனம் அலுமினேட் போன்றவற்றின் அணு இடைவெளி ஒய்பிசிஓவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்பதால் அவைதான் ஆய்வகங்களில் வழக்கமான 'பலகை'.

படலம் என்றதும் 'ரொம்ப மெல்லிசா இருக்குமே, எவ்வளவு கரன்ட் போகும்?' என்று தோன்றலாம். ஒரு கணக்கு போடுவோம். நல்ல ஒய்பிசிஓ படலம் 77 கெல்வினில் ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுக்கு 10 லட்சம் ஆம்பியர் தாங்கும். ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு மைக்ரான் தடிமன் உள்ள படலத்தின் குறுக்குவெட்டு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அப்போ 100 ஆம்பியர். நம் வீட்டில் ஓடும் 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரில் ஏறக்குறைய 15 ஆம்பியர் விடுவோம், அதற்கே லேசாகச் சூடாகும். தலைமுடியைவிட பல மடங்கு மெல்லிய ஒரு பூச்சு, சூடே இல்லாமல் அதைப்போல ஆறேழு மடங்கைக் கடத்துகிறது.

வெற்றிடப் பெட்டி: வேலை சுத்தம், பில்தான் அதிகம்

இப்படிப் படலம் வளர்க்க முதலில் வந்த வழிகள் எல்லாம் வெற்றிடப் பெட்டிக்குள் நடப்பவை. அதில் பிரபலமானது லேசர் முறை. ஒய்பிசிஓ வில்லையின் மேல் லேசர் துடிப்பைப் பாய்ச்சினால் அது பொசுங்கி, தீப்பிழம்பு மாதிரி எழும்பி, எதிரே உள்ள பலகையில் படியும். வில்லையில் இருந்த 1:2:3 கணக்கு மாறாமல் படலத்திலும் வரும் என்பது இதன் பெரிய பிளஸ். 1987லேயே இதை அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் செய்து காட்டிய குழுவில் முக்கியமானவர் இந்திய வம்சாவளி இயற்பியலாளர் திருமலை வெங்கடேசன். இன்றும் உலகத்தின் பல லேப்களில் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் வெற்றிடப் பம்புகள், லேசர், பெரிய அறை எல்லாம் வேண்டும். நகத்தளவு சில்லுக்கு இது சரி. கிலோமீட்டர் கணக்கில் டேப் போடணும்னா முதலீடு எகிறும். அங்கேதான் 'வெற்றிடமே வேண்டாம், கரைத்து ஊற்றலாமே' என்ற யோசனை வருகிறது.

கரைத்து ஊற்றுவதில் என்ன வம்பு?

உப்புத் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றிக் காய வையுங்கள். காய்ந்ததும் என்ன ஆகும்? உப்பு சீராகப் பரவி இருக்காது. ஓரத்தில் பூத்து, நடுவில் திட்டுத்திட்டாகக் கட்டி நிற்கும். இங்கே ஒன்றல்ல, மூன்று உலோக உப்புகள். மூன்றும் மூன்று விதமாகக் கரைபவை. பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கொஞ்சமாகத்தான் கரையும், காப்பர் நைட்ரேட் தாராளமாகக் கரையும். காயும்போது முதலில் பேரியம் தனியாகப் படிகமாகிவிடும், மற்றவை அப்புறம். படலத்தின் ஒரு மூலையில் பேரியம் கூட்டம், இன்னொரு மூலையில் காப்பர் கூட்டம். 1:2:3 கணக்கு மொத்தமாகப் பார்த்தால் சரி, இடத்துக்கு இடம் பார்த்தால் தப்பு.

இப்போ ஜவ்வரிசி வடாம் போடுவதை நினைத்துப் பாருங்கள். உப்பு, மிளகாய் விழுது, சீரகம் எல்லாம் கஞ்சியில் கலக்குகிறோம். துணியில் ஊற்றிக் காய வைத்தால் எந்த வடாமை எடுத்தாலும் ஒரே உப்புதான். உப்பு ஓரத்துக்கு ஓடுவதில்லை. கஞ்சியின் நீளமான மாவுச்சத்து மூலக்கூறுகள் பின்னிக்கொண்டு, தண்ணீர் போகப் போக எதையும் நகரவிடாமல் இறுகிவிடுகின்றன. மாவுச்சத்தும் ஒரு பாலிமர்தான்.

பாலிமர் முறையின் சாரம் இதுதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பாலிமர் வெறும் கெட்டியான கஞ்சியாக மட்டும் இருப்பதில்லை. தன் சங்கிலியில் உள்ள குழுக்களால் உலோக அயனிகளை வேதியியல் ரீதியாகவே பிடித்து வைத்துக்கொள்கிறது. மூன்று உலோகமும் அணு அளவில் அக்கம்பக்கமாகக் கட்டிப்போடப்பட்டு நிற்கும். தூளாக அரைத்தால் ஒரு பேரியம் அணு தன் காப்பர் கூட்டாளியைத் தேடி மைக்ரான் கணக்கில் பயணம் போகணும். இங்கே பக்கத்து வீடுதான். அதனால் குறைந்த வெப்பத்தில், குறைந்த நேரத்தில் வேலை முடியும்.

எந்த பாலிமர்? எப்படிப் பிடிக்கிறது?

பழைய ஐடியா ஒன்று 1967லேயே பேட்டன்ட் ஆகிவிட்டது. மாஜியோ பெச்சினி என்பவர் கெப்பாசிட்டருக்கான ஆக்சைடு செய்வதற்காகக் கண்டுபிடித்தது. சிட்ரிக் அமிலத்தில் உலோகங்களைக் கரைத்து, எத்திலீன் கிளைகாலைச் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் கைகோத்து பாலியெஸ்டர் பிசினாக மாறும். சிட்ரிக் அமிலம் எலுமிச்சையில் இருப்பது, எத்திலீன் கிளைகால் கார் ரேடியேட்டர் கூலன்ட்டில் இருப்பது. மீக்கடத்தி செராமிக் வந்த பிறகு பலரும் இந்தப் பழைய குறிப்பைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

இன்னொரு வகை, பாலிஅக்ரிலிக் அமிலம் போன்ற ரெடிமேட் பாலிமர்களை எடுத்துக்கொள்வது. குழந்தைகளின் டயாப்பரில் ஈரத்தை உறிஞ்சும் பொடி இருக்கிறதே, அதன் உறவுக்காரர். சங்கிலி முழுக்க அமிலக் குழுக்கள் தொங்கும். அவை உலோக அயனிகளைப் பிடிக்கும்.

இங்கேதான் சிக்கல். காப்பருக்கும் பேரியத்துக்கும் இரண்டு மின்சுமை, இட்ரியத்துக்கு மூன்று. ஒரே அயனி ரெண்டு மூன்று சங்கிலிகளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால்? எல்லாம் முடிச்சு விழுந்து, பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாக அடியில் இறங்கிவிடும். திரிந்த கரைசலைப் பூச முடியாது. அதனால்தான் இந்த ஆய்வுகளில் 'கரையக்கூடிய' என்ற வார்த்தை அவ்வளவு முக்கியம். பிடிக்கணும், ஆனா இறுக்கி முடிச்சுப் போட்டுடக் கூடாது. அமிலத்தன்மையைச் சரிக்கட்டுவது, பாலிமரின் அளவைக் கூட்டுவது என்று இந்தச் சமநிலைக்காகவே நிறைய மெனக்கெட வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்த்தியான ஒரு விடை 2004ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் இருந்து வந்தது. குவான்ஷி ஜியாவும் சகாக்களும் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வெளியிட்ட 'பாலிமர் உதவியுடன் படிய வைத்தல்' முறை. மீக்கடத்திக்கு மட்டுமானதல்ல, பல உலோக ஆக்சைடுகளுக்குப் பொதுவானது. பாலிஎத்திலீன்இமின் என்ற பாலிமரை எடுத்துக்கொண்டார்கள். இதன் சங்கிலி நெடுக நைட்ரஜன் அணுக்கள். ஒவ்வொன்றிடமும் பங்கு போடாத ஒரு எலக்ட்ரான் ஜோடி உண்டு, உலோகத்தைப் பிடிக்க அது போதும். பிடி போதாத உலோகங்களை முதலில் இடிடிஏ என்ற மூலக்கூறில் சிக்கவைத்துவிடுவார்கள். நண்டு கொடுக்கால் கவ்வுவது மாதிரி இடிடிஏ உலோகத்தைச் சுற்றிக் கவ்வும். (நம் பள்ளிப் புத்தகத்தில் இதற்குக் 'கொடுக்கிணைப்பு' என்று பேர். ஆங்கிலச் சொல்லுக்கும் மூலம் கிரேக்கத்தில் நண்டின் கொடுக்குதான். தமிழில் இதைவிடப் பொருத்தமாக வைத்திருக்க முடியாது.) கவ்விய உருண்டை எதிர்மின்சுமையோடு இருக்கும். நேர்மின்சுமை ஏறிய பாலிமர் அதை ஒட்டவைத்துக்கொள்ளும். முடிச்சு விழுவதில்லை, தண்ணீரிலேயே தெளிவாகக் கரைந்து நிற்கிறது.

அடுத்த ஸ்டெப்தான் இந்த முறையின் தனித்துவம். கரைசலை நுண்சவ்வு வழியாக வடிகட்டுகிறார்கள். நம் வீட்டு வாட்டர் ப்யூரிஃபயரில் 'யூஎஃப்' என்று போட்டிருக்குமே, அதே தத்துவம். பாலிமர் பெரிய மூலக்கூறு, சவ்வில் நின்றுவிடும். அதைப் பிடிக்காமல் சும்மா சுற்றும் அயனிகள், கூட வந்த நைட்ரேட், குளோரைடு எல்லாம் தண்ணீரோடு வெளியே. மிச்சம் இருப்பது பாலிமரோடு கட்டுண்ட உலோகம் மட்டும். காயும்போது தனியாகப் படிகமாவதற்கு அங்கே உதிரி உப்பே இல்லை! ஒவ்வொரு உலோகத்துக்கும் இப்படித் தனித்தனிக் கரைசல் செய்து, எதில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று அளந்து, பிறகு தேவையான விகிதத்தில் கலந்துகொள்ளலாம்.

பூசுவது எப்படி?

லேபில் என்றால் சுழற்றிப் பூசுவது. பலகையில் சில சொட்டு விட்டு, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் சுழற்றினால் அதிகப்படி கரைசல் தெறித்துப் போய், சீரான ஈரப்படலம் மட்டும் நிற்கும். பாலிமரின் கெட்டித்தன்மையும் சுழலும் வேகமும் சேர்ந்து தடிமனைத் தீர்மானிக்கும். ஃபேக்டரி என்றால் உலோக டேப்பை ஒரு சுருளில் இருந்து இன்னொரு சுருளுக்கு ஓடவிட்டு, நடுவில் பூச்சு, அடுப்பு எல்லாம் வைப்பார்கள். அச்சகத்தில் நியூஸ் பேப்பர் சுருள் ஓடுகிற மாதிரி. கரைசல் முறையின் கவர்ச்சியே இந்தக் காட்சிதான்.

அடுப்புக்குள் நடக்கும் சண்டை

பூசி முடித்ததும் படலத்தில் இருப்பதில் பெரும்பகுதி பாலிமர்தான், உலோகம் கொஞ்சம். பாலிமர் முழுக்க எரிந்து போகணும். எரியும்போது வாயுவாக வெளியேறும், படலம் பல மடங்கு சுருங்கும். அவசரப்பட்டால் வெடிக்கும், கொப்பளிக்கும். தடிமனாக ஊற்றிய வடாம் காயும்போது விரிசல் விடும் இல்லையா, அதே கதை. அதனால் மெதுவாக, டிகிரி டிகிரியாக ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரே பூச்சில் தடிமனான படலம் கிடைப்பதும் கஷ்டம். மெல்லிசாகப் பூசி, எரித்து, மறுபடி பூசி, மறுபடி எரித்து அடுக்குகிறார்கள்.

இதைவிடப் பெரிய வில்லன் பேரியம். பாலிமரில் கார்பன் இருக்கிறது, எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு. பேரியத்துக்கு அதன் மேல் அப்படி ஒரு பிரியம். ரெண்டும் சேர்ந்தால் பேரியம் கார்பனேட். இது லேசில் சிதையாது. அதைப் பிரிக்க வெப்பத்தை மேலும் மேலும் ஏற்ற வேண்டும், ஏற்றினால் படலம் அடியில் உள்ள பலகையோடு வினைபுரிய ஆரம்பித்துவிடும். பிரியாமல் மிச்சம் நின்றால் குருணைகளின் எல்லையில் போய் உட்கார்ந்துகொண்டு மின்னோட்டத்தை மறிக்கும். எந்த உலோகங்களைச் சீராக வைக்க பாலிமரைக் கொண்டுவந்தார்களோ, அந்த பாலிமரின் கார்பனே கடைசியில் வம்பாகிறது.

தப்பிக்க ரெண்டு வழி. ஒன்று, அடுப்பில் உள்ள வாயுவைக் கட்டுப்படுத்துவது. ஆக்சிஜனைக் குறைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை ஓடும் வாயுவால் உடனுக்குடன் துடைத்துக்கொண்டே இருந்தால், குறைந்த வெப்பத்திலேயே கார்பனேட் விட்டுக்கொடுக்கும். கார்பனை மிச்சமின்றிச் சுத்தமாக விட்டுப்போகும் பாலிமரைத் தேர்ந்தெடுப்பதும் உதவும். பாலிஎத்திலீன்இமினுக்கு நல்ல பெயர் இருப்பது இதனாலும்தான்.

இன்னொன்று கொஞ்சம் குறுக்குப் புத்தி. பேரியத்துக்குக் கார்பனைவிடப் பிடித்த ஜோடியாக ஃபுளோரினைக் கொடுத்துவிடுவது! உலோகங்களை ட்ரைஃபுளோரோஅசிட்டேட் உப்புகளாக மெத்தனாலில் கரைத்துப் பூசுகிறார்கள். 400 டிகிரி வரை சுடும்போது பேரியம், கார்பனேட் ஆகாமல் பேரியம் ஃபுளோரைடு ஆகிவிடும். பிறகு 700 முதல் 800 டிகிரியில் நீராவியை அனுப்பினால் ஃபுளோரின், ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவாக வெளியேற, பலகையின் மேல் ஒய்பிசிஓ வரிசையாக வளரத் தொடங்கும். இது பாலிமர் முறையின் சித்தப்பா பையன் மாதிரி. கரைசலே கதாநாயகன், சங்கிலி மட்டும் இல்லை. தரமான படலம் தருவதில் கரைசல் முறைகளிலேயே இதற்குத்தான் அதிகப் பேர். அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் நிறுவனம் தன் டேப்பை இந்த வழியில்தான் செய்தது.

விலை இல்லாமல் வருமா? ஹைட்ரஜன் ஃபுளோரைடு பயங்கரமான விஷவாயு, கண்ணாடியையே அரிக்கும். அதைப் பிடித்து அடக்க தனி ஏற்பாடு வேண்டும். ஆரம்பகாலச் செய்முறைகளில் முதல் சூட்டுக்கே பல மணி நேரம் ஆனது. அதனால்தான் ஃபுளோரினைக் குறைத்த, அல்லது அடியோடு நீக்கிய கரைசல்களுக்கு மறுபடி மவுசு வந்தது. அங்கே பாலிமர்களும் திரும்ப உள்ளே வருகின்றன. பிவிபி போன்ற பாலிமரைக் கொஞ்சம் சேர்த்தால் கரைசல் கெட்டியாகும், எரியும்போது ஏற்படும் இழுவிசை தணியும், விரிசல் விழாமல் இன்னும் தடிமனான படலம் கிடைக்கும்.

கடைசியில் ஒரு மூச்சு ஆக்சிஜன்

இவ்வளவும் முடித்து அடுப்பில் இருந்து எடுத்தால் படலம் கறுப்பாக, பளபளவென்று இருக்கும். ஆனா மீக்கடத்தியாக இருக்காது! அதிக சூட்டில் அதன் ஆக்சிஜன் கொஞ்சம் வெளியே போயிருக்கும். 123 என்ற உலோகக் கணக்கோடு ஆக்சிஜன் ஏழுக்கு அருகில் இருந்தால் மீக்கடத்தி, ஆறுக்கு இறங்கினால் மின்சாரமே கடத்தாத பொருள். ஒரே பொருள், ஒரே நிறம், ஒரு ஆக்சிஜன் அணுவில்தான் வித்தியாசம். அதனால் 400 முதல் 500 டிகிரிக்குள் ஆக்சிஜன் வாயுவில் ஊறவைத்து மெதுவாக ஆறவிடுகிறார்கள். விட்டுப்போன ஆக்சிஜன் திரும்ப உள்ளே வந்து, காப்பர் அணுக்களோடு சங்கிலி சங்கிலியாக உட்கார்ந்த பிறகுதான் படலத்துக்கு உயிர் வருகிறது.

பிறகு நான்கு முனை வைத்து மின்தடையை அளப்பார்கள். குளிரக் குளிரக் கோடு சாய்வாக இறங்கி, 90 கெல்வினை ஒட்டிச் செங்குத்தாகத் தரையைத் தொட்டால் பாஸ். அந்த விழுதல் எவ்வளவு செங்குத்தோ, படலம் அவ்வளவு சுத்தம். மாடிப்படி மாதிரி தயங்கித் தயங்கி இறங்கினால், உள்ளே எங்கோ கார்பனேட்டோ, ஆக்சிஜன் ஊறாத இடமோ இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இதை எங்கே பயன்படுத்துறாங்க?

சின்ன அளவில், காந்தப்புலத்தின் மிக நுண்ணிய மாற்றத்தை உணரும் ஸ்குவிட் கருவிகளிலும், மைக்ரோவேவ் ஃபில்டர்களிலும் ஒய்பிசிஓ படலங்கள் உண்டு. பெரிய அளவில் டேப். ஒன்றில் உலோக டேப்பையே உருட்டிச் சூடாக்கி அதன் குருணைகளை ஒரே திசைக்குத் திருப்புவார்கள், அல்லது மேலே படியும் ஆக்சைடு அடுக்கை வரிசையாக வளர்ப்பார்கள். அதன் மேல் ஒரு மைக்ரானை ஒட்டிய தடிமனில் மீக்கடத்தி, அதற்கு மேல் வெள்ளி, காப்பர். மொத்த டேப்பில் மீக்கடத்தி ஒரு சிறு பங்குதான், மற்றதெல்லாம் அதைத் தாங்கவும் காப்பாற்றவும்.

அமெரிக்கன் சூப்பர்கண்டக்டரின் வயரைக் கொண்ட கேபிள் 2021ல் சிகாகோ நகர மின் வலைப்பின்னலில் இணைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எம்ஐடியும் காமன்வெல்த் ஃபியூஷன் நிறுவனமும் அணுக்கரு இணைவு உலைக்காகச் செய்த காந்தம் 20 டெஸ்லாவை எட்டியது. அந்த ஒரு காந்தத்துக்குள் சுற்றியிருந்த டேப்பின் நீளம் 267 கிலோமீட்டர். சென்னையில் இருந்து கிளம்பினால் கிட்டத்தட்ட பெரம்பலூர் வரை. அந்த டேப் ஒய்பிசிஓ குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கரைசல் முறையில் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். டேப் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் இன்றும் வெற்றிட முறைகளையே நம்புகிறார்கள்.

ஏன் என்றால், சில்லில் ஒரு சென்டிமீட்டர் கெட்டால் அந்தச் சில்லை எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். டேப்பில் அப்படி இல்லை. நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் விரிசல் விட்டாலும், கார்பனேட் தங்கினாலும், ஆக்சிஜன் ஊறாவிட்டாலும் கரன்ட்டுக்குச் சுற்றிப்போக வேறு வழி கிடையாது. அந்த ஒரு சென்டிமீட்டர் தாங்கும் அளவுதான் அந்த நூறு மீட்டரும் தாங்கும் அளவு. பாத்திரத்தில் கலக்கி, சுருளில் ஓடவிட்டு, அடுப்பில் சுட்டு எடுக்கும் பூச்சு, முதல் மீட்டரில் இருந்து கடைசி மீட்டர் வரை ஒரே மாதிரி வரவேண்டும். வடிகட்டும் சவ்வு, பாலிமரின் நீளம், அடுப்பின் ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனி வாயு என்று ஆராய்ச்சிகள் இப்போது துரத்திக்கொண்டிருப்பது இதைத்தான்.